மூன்றாவது காபி

ஏழாவது தடவையும் ரதோமிருக்கு இதயம் சரியில்லாமல் போயிற்று.

கோர்ட்டுக்குள் நடந்தது மொத்தம் பத்து நிமிடம். குற்றம் சாட்டப்பட்ட ரதோமிரின் வழக்கறிஞர் எழுந்து மருத்துவச் சான்றிதழை நீட்டினார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கு பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. சாட்சி சொல்வதற்காக விடியற்காலை பஸ் பிடித்து வந்திருந்த ஹைரியா எழுந்து, "அப்ப நான் இன்னிக்கும் பேச வேண்டாமா?" என்று கேட்டாள்.

"அடுத்த தடவை பேசலாம்மா" என்றார் நீதிபதி. நல்ல மனிதர்தான். ஏழு தடவையும் இதே மென்மையோடுதான் சொல்லியிருந்தார்.

வராந்தாவில் எல்மா காத்திருந்தாள். சாட்சிகளின் மனநலத்தைக் கவனிக்க ஒரு தொண்டு நிறுவனம் அமர்த்தியிருந்த பெண். அவள் கையில் வழக்கமான தாள். அதில் வரிசையாகப் பத்து முகங்கள். முதல் முகம் அழுதது, பத்தாவது முகம் பல்லைக் காட்டிச் சிரித்தது.

"இந்த மாசம் உங்க மனசு எப்படி இருந்துச்சுன்னு ஒரு நம்பர் சொல்லுங்கம்மா."

"அந்த ஆளோட இதயத்துக்கு எத்தனை நம்பர் போட்டாங்க?"

"அம்மா..."

"போன ஞாயித்துக்கிழமை ஆத்துல மீன் பிடிச்சிட்டு இருந்தான். பஸ்ஸிலேர்ந்து நானே பாத்தேன். இத்தாம் பெரிய மீனு. அதைத் தூக்கிக் காட்டுறப்ப இதயம் நல்லாத்தான் வேலை செஞ்சுது."

எல்மா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. "ரெண்டுன்னு போட்டுக்கவா?"

"போட்டுக்கோ. இன்னொரு தாள் இருந்தா குடு. வீட்டுல உக்காந்து நல்லா யோசிச்சுப் போடுறேன்."

"திருப்பிக் குடுத்துடணும்மா. எல்லாத்துலயும் வரிசை எண் இருக்கு."

ஹைரியா தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்ப இரண்டரை மணி நேரம். போஸ்னியாவின் மலைச் சாலைகளில் பஸ் திரும்பும் ஒவ்வொரு வளைவும் அவளுக்கு மனப்பாடம். அவள் கேட்டது பெரிய விஷயம் எதுவுமில்லை. தன் கணவன் நெசிரை முழுதாக மண்ணுக்குக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

போர் தொடங்கிய தொண்ணூற்றிரண்டு ஜூன் மாதம் பொத்காய் கிராமத்து முஸ்லிம் ஆண்களை மரம் அறுக்கும் மில் வளாகத்துக்கு வரச் சொன்னார்கள். அப்போது ரதோமிர் அங்கே போலீஸ் அதிகாரி. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெயர்களை வாசித்தவன் அவன். நெசிரின் பெயர் பதினான்காவது. பதினேழு வருடம் கழித்து, ஆற்றோரக் குழி ஒன்றில் ஒரு தொடை எலும்பும் கீழ்த்தாடையும் கிடைத்தன. ஆய்வகத்துக்காரர்கள் போனில் கூப்பிட்டு, இவை நெசிருடையவை என்றார்கள். மிச்சத்தை இயந்திரம் வைத்து வேறெங்கோ மாற்றியிருக்கிறார்கள், எங்கே என்று யாரும் சொல்லவில்லை என்றார்கள். "இதை மட்டும் அடக்கம் பண்றீங்களா, இல்ல காத்திருக்கீங்களா?" என்று கேட்டார்கள். காத்திருக்கிறேன் என்றாள். ஒரே ஒரு எலும்பு இருந்தாலும் ஜனாஸா தொழுது அடக்கிவிடலாம் என்று இமாம் எடுத்துச் சொன்னார். அவளுக்கு மனசு வரவில்லை. அதற்கும் இப்போது எட்டு வருடம் ஆகிவிட்டது. நெசிர் குளிரறையில் ஒரு தட்டில், ஓர் எண்ணுக்குக் கீழே இருந்தான்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது விறகு வந்திருந்தது.

ஒவ்வோர் அக்டோபரிலும் வரும். அவள் இல்லாத நேரமாகப் பார்த்து யாரோ காட்டு பீச் மரத்தைப் பிளந்து, வேலியோரம் அடுக்கிவிட்டுப் போவார்கள். யாரோ என்று சொல்லிக்கொள்வாளே தவிர, யாரென்று அவளுக்குத் தெரியும். பட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குவது அந்த மில் ஆட்களின் வழக்கம். நெசிரும் அப்படித்தான் அடுக்குவான். அந்த மில்லில் வேலை பார்த்து இன்னும் உயிரோடு இருப்பவர், மூன்று வீடு தள்ளியிருக்கும் மிலோயே ஒருவர்தான். நெசிரோடு ஒரே ரம்பத்தில் வேலை செய்தவர். அவர் செர்பியர் என்பதால் பட்டியலில் அவர் பெயர் இல்லை. போர் முடிந்து அவள் ஊர் திரும்பிய பதினாறு வருடமாக இருவரும் தெருவில் தலையசைத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் ஒரு பேச்சும் கிடையாது. அந்த விறகை எரிக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு பக்கம் வீடு சூடாகும், ஒரு பக்கம் வயிறு எரியும்.

அந்த வெள்ளிக்கிழமை, மாலைத் தொழுகை முடித்துப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. மிலோயே நின்றிருந்தார். தொப்பி கையில் இருந்தது.

"ஏழாவது தடவையும் ஒத்திவெச்சுட்டாங்களாமே, தங்கச்சி."

"உள்ள வாங்கண்ணே" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

காபி போட்டாள். தாமிரப் பாத்திரத்தில் நுரை ஏறியதும் இறக்கி, காதில்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றினாள். முதல் காபி வரவேற்புக்கு. குளிரைப் பற்றிப் பேசினார்கள். அவருடைய முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாவது காபி பேச்சுக்கு. இந்த வருடம் பிளம் காய்ப்பே இல்லை என்றார் அவர். ஸ்வீடனிலிருக்கும் மகளுக்கு மூன்றாவது குழந்தை என்றாள் இவள்.

மிலோயே சர்க்கரைக் கட்டியைக் காபியில் தோய்த்தார், ஆனால் வாயில் வைக்கவில்லை. அது அவர் விரல்களுக்கிடையே கரைந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, மில்லுல அப்ப அள்ளிக் கொட்டுற லோடர் வண்டி ஒண்ணு இருந்துச்சு. நினைவிருக்கா? மஞ்சக் கலர்."

"இருக்கு."

"அதை நான்தான் ஓட்டுவேன்."

அவர் மூச்சை உள்ளே இழுத்தார். அவர் வாயிலிருந்து வரப்போவது என்னவென்று ஹைரியாவுக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தைந்து வருடமாக அவள் ஐந்து வேளையும் கேட்டு அழுதது அதைத்தான். அது இதோ மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. அவளுடைய கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. எழுந்தாள். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து, கொதித்ததும் காபிப் பொடி போட்டாள். திரும்பி வந்து அவருடைய கிண்ணத்தில் ஊற்றினாள்.

அது மூன்றாவது காபி.

பொத்காயில் மூன்றாவது காபிக்கு ஒரே அர்த்தம்தான். வந்தது போதும், கிளம்புங்கள். வீட்டுக்காரர் வாய் திறந்து சொல்லத் தேவையில்லாதபடி, காபி சொல்லிவிடும். விருந்தாளி அதைக் குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

மிலோயே கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கொதிக்கக் கொதிக்க அதை ஒரே மடக்கில் விழுங்கினார். நாக்கு வெந்திருக்கும்.

"புரிஞ்சுது தங்கச்சி. நீ சொல்றதுலயும் தப்பில்ல."

"அண்ணே, நான்..."

தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கதவு சாத்திய சத்தத்துக்குப் பிறகும் அவள் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். நீதிபதி ஏழு தடவை செய்ததை அவள் ஒரே கிண்ணத்தில் செய்துவிட்டாள். கை தவறிச் செய்ததா, இல்லை கைக்குள் இருந்த ஏதோ ஒன்று வேண்டுமென்றே செய்ததா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். படைத்தவனிடம் பொய் சொல்ல அவளுக்குத் துணிவில்லை. அதனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே தஸ்பீஹ் மணிகளை உருட்டினாள்.

திங்கட்கிழமை அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"எங்க ஊர்ல ஒருத்தருக்கு இடம் தெரியும்போல இருக்கு. அவர்கிட்ட நான் போய்க் கேக்கலாமா?"

"கூடவே கூடாதும்மா" என்றது ஓர் இளம் குரல். "நீங்களும் சாட்சி. சாட்சிங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துப் பேசினா, அந்தப் பக்கத்து வக்கீல் அதையே பிடிச்சுக்குவார். பேரைச் சொல்லுங்க, சம்மன் அனுப்புறோம்."

"சம்மன் வர எவ்ளோ நாளாகும்?"

"மூணு மாசம். நாலும் ஆகலாம்."

"அவருக்கு அறுபத்தொம்பது வயசு, தம்பி. போலீஸ் வாசல்ல வந்து நின்னா வாயைத் தச்சுக்குவார்."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

பெயரைச் சொல்லாமல் போனை வைத்தாள். அடுத்து எல்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க" என்றாள் எல்மா. "இப்ப இதைக் கிளறினா உங்களுக்குத் திரும்பவும் பழைய தலைவலி வரும். உங்க மன அமைதி முக்கியம். நியாயத்தைக் கோர்ட்டு பாத்துக்கட்டும்."

"அமைதி ஒரு கடையில, நியாயம் இன்னொரு கடையிலயா விக்குது? இங்க போனா அங்க போங்கறான். அங்க போனா இங்க வாங்கறீங்க. ரெண்டு கடையும் சாத்தியிருக்கு, எல்மா."

எல்மா, "எனக்கும் தெரியலம்மா" என்றாள். அந்த அலுவலகங்களிலிருந்து இத்தனை வருடத்தில் ஹைரியாவுக்கு வந்த உண்மையான வார்த்தை அதுதான். அதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது. "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாள் காலை, காபிப் பொடியையும் தாமிரப் பாத்திரத்தையும் இரண்டு கிண்ணங்களையும் ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு, மூன்று வீடு தள்ளி நடந்தாள்.

வாசற்கதவில் மிலோயேயின் மனைவி தெசங்கா நின்றிருந்தாள். போருக்கு முன் இருவரும் மாவு கடன் வாங்கிக்கொண்ட தோழிகள்.

"துண்டுக்குள்ள என்னடி?"

"காபி."

"ஏன், எங்க வீட்டுல காபிக்குப் பஞ்சம் வந்துடுச்சா?"

"உன் புருஷனைப் பாக்கணும், தெசங்கா."

தெசங்கா கதவை விடவில்லை. "எதுக்கு? வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வந்து நாக்கு வெந்துபோய்த் திரும்பினான். கஞ்சிகூட இறங்கல. அவன் ஒரு வார்த்தை சொன்னான்னா நாளைக்கு அவனையே உள்ள தூக்கிப் போடுவாங்க. ரதோமிருக்கு வக்கீல் இருக்கான், டாக்டர் இருக்கான். எங்களுக்கு யாருடி இருக்கா?"

"யாருமில்ல" என்றாள் ஹைரியா. "எனக்கும்தான்."

தெசங்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பெரிய பேச்சு" என்று முணுமுணுத்தாள். ஆனால் ஓரமாக நகர்ந்தாள்.

மிலோயே விறகுக் கொட்டகையில் கோடரிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சின்ன இரும்படுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஹைரியா பாத்திரத்தை அதில் ஏற்றினாள். மரம் பிளக்கும் கட்டையின் மேல் துண்டை விரித்து இரண்டு கிண்ணங்களையும் வைத்தாள்.

"அன்னிக்கு ஊத்தினதைக் கணக்குல வெச்சுக்காதீங்க அண்ணே. என் கை புத்தி கெட்டுப்போய் ஊத்திடுச்சு. இதுதான் முதல் காபி."

அவர் உட்கார்ந்தார். குடித்தார். அவள் இரண்டாவதை ஊற்றினாள்.

"சொன்னா என் பேரு வருமா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல அதைவிட நல்ல இடம் அவளுக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை. வராது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நெசிர் கிடைத்துவிடுவான்.

"வரும்ணே. என்னைக் கேட்டா நான் மறைக்க மாட்டேன்."

அவர் தலையாட்டினார். அந்தப் பதிலுக்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தவரைப் போல. பிறகு சொல்லத் தொடங்கினார்.

"அந்த வருஷம் செப்டம்பர் மாசம். என்னையும் லோடரையும் கூட்டிட்டுப் போனாங்க. முதல்ல போட்ட குழியிலேர்ந்து அள்ளி வேற இடத்துல போடணும்னாங்க. ரதோமிர் நின்னு கைகாட்டினான். இங்க தோண்டு, இங்க கொட்டு, மேல மரத்தூளைப் பரப்புன்னு. லோடருக்கு யாரு எவருன்னு தெரியாது, தங்கச்சி. எனக்குத் தெரிஞ்சுது. பச்சை ஸ்வெட்டர். முழங்கையில வேற நூல்ல நீ ஒட்டுப் போட்டிருந்தியே."

"பச்சை நூல் தீந்துபோச்சு" என்றாள் ஹைரியா. "அதனால பழுப்புல போட்டேன்."

"பழுப்புதான்" என்றார் மிலோயே. அழத் தொடங்கினார்.

அவள் அழவில்லை. காத்திருந்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டதும், "எங்கண்ணே?" என்று கேட்டாள்.

"பேப்பர் இருக்கா?"

கைப்பையில் எல்மாவின் தாள்தான் இருந்தது. அதன் பின்பக்கத்தில், தச்சு வேலைக்கு வைத்திருந்த தட்டைப் பென்சிலால் அவர் வரைந்தார். மில்லின் நுழைவாயில். பழைய லாரி எடைமேடை. அங்கிருந்து மேற்கே நாற்பது அடி. மரத்தூள் மேட்டின் அடியில். இருபத்தைந்து வருடம் நெசிர் தன் ரம்பத்துக்குப் பக்கத்திலேயே கிடந்திருக்கிறான். மேட்டின் மேலே பிள்ளைகள் பனிச்சறுக்கு விளையாடியிருக்கிறார்கள். கீழே தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார் மிலோயே. தேதியும் போட்டார்.

கொட்டகை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தெசங்கா, "எழுது, நல்லா எழுது" என்றாள். "இருபத்தஞ்சு வருஷமா தூக்கத்துல எந்திரிச்சுப் போய்க் கையைக் கழுவுறவனுக்கு நான் என்ன சொல்லி நிறுத்த?"

அதன் பிறகு எல்லாம் சட்டென்று நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. அரசு வழக்கறிஞர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த முகமெல்லாம் என்ன?" என்று கேட்டார். அதற்கு ஒரு விளக்கக் கடிதம் தேவைப்பட்டது. தோண்டுவதற்கு உத்தரவு தேவைப்பட்டது. உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருந்தார். அவர் திரும்பி வந்தபோது தரை உறைந்துவிட்டது. "வசந்தம் வரட்டும்" என்றார்கள். பிப்ரவரியில் வழக்கு எட்டாவது தடவையாக ஒத்திவைக்கப்பட்டது. இந்த முறை ரதோமிருக்குச் சிறுநீரகம். அந்தக் குளிர்காலம் முழுக்க ஹைரியா தொழுகைக்குப் பிறகு கேட்டதெல்லாம், "இறைவா, எனக்குப் பொறுமை தராதே, அது என்னிடம் ஏற்கெனவே அளவுக்கு மீறி இருக்கிறது, அவர்களுக்குக் கொஞ்சம் வெட்கம் கொடு" என்பதுதான். கேட்ட பிறகு இப்படிக் கேட்டதற்காகப் பாவமன்னிப்பும் கேட்டுக்கொள்வாள்.

மே மாதம் தோண்டினார்கள். எடைமேடையிலிருந்து நாற்பத்திரண்டு அடியில் பதினோரு பேர் கிடைத்தார்கள். ஆய்வகம் முடிவு சொல்லச் செப்டம்பர் ஆயிற்று. நெசிர் கிடைத்துவிட்டான். இடது கையின் சில சின்ன எலும்புகள் மட்டும் இல்லை. பழுப்பு நூல் ஒட்டுப் போட்ட கம்பளித் துண்டு ஒன்று இருந்தது.

அதற்குள் மிலோயேயை இரண்டு தடவை விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். குழியை மாற்றியதில் அவருக்கும் பங்குண்டு, அவர் மீதும் வழக்குப் போடலாமா என்று யோசிக்கிறார்களாம். ரதோமிரை ஒரு தடவைகூட நாற்காலியில் உட்கார வைக்க முடியாத சட்டம், தானாக வந்து வாய் திறந்தவரை உடனே உட்கார வைத்துவிட்டது. இதைக் கேட்டபோது ஹைரியா அடுக்களையில் ஒரு தட்டைப் போட்டு உடைத்தாள். வேண்டுமென்றேதான் உடைத்தாள்.

பிறகு பஸ் பிடித்துப் போய், அவர் தானாக வந்து சொன்னதையும், வருடா வருடம் விறகு போட்டதையும் வாக்குமூலமாக எழுதிக் கொடுத்தாள். அந்த இளம் குரல்காரர் விறகு வழக்குக்குச் சம்பந்தமில்லை என்றார். "சம்பந்தம் இருக்கு. எழுது தம்பி" என்று அவர் எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

நெசிரை அடக்கம் செய்த மறுநாள் எல்மா போன் செய்தாள்.

"இப்ப எப்படிம்மா இருக்கீங்க? நம்பர் வேணாம். சும்மா கேக்குறேன்."

"நம்பரே சொல்றேன். நெசிர் படுத்திருக்கிற இடத்துக்குப் பத்து போடு. ரதோமிர் மீன் பிடிக்கிற இடத்துக்குப் பூஜ்யம் போடு. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கிக்கோ."

"அஞ்சு" என்றாள் எல்மா.

"அஞ்சாவது முகம் எப்படி இருக்கும்?"

"வாய் நேர்க்கோடா இருக்கும்மா."

"அதேதான்."

போனை வைத்தபோது வாசலில் தெசங்கா நின்றிருந்தாள். அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கூப்பிடாமலே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"காலையில கூட்டிட்டுப் போயிட்டாங்க. மூணாவது தடவை."

ஹைரியா காபி போட்டாள்.

"உன் புருஷன் உனக்குக் கிடைச்சுட்டான்" என்றாள் தெசங்கா. "என் புருஷன் தூங்குறான்டி. அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. நாளைக்கு விசாரணைன்னு தெரிஞ்சும் குறட்டை விட்டுத் தூங்குறான். கை கழுவ எந்திரிக்கிறதில்ல. இப்ப நான்தான் முழிச்சுக்கிட்டுக் கிடக்கேன். அவன் முழிப்பை என் தலையில கட்டிட்டீங்க, ரெண்டு பேரும்."

சமாதானமாக ஏதாவது சொன்னால் அது எல்மாவின் தாளைப் போலாகிவிடும். சட்டம் பேசினால் அது போனில் கேட்ட அந்த இளம் குரலைப் போலாகிவிடும். அதனால் ஹைரியா சர்க்கரைக் கட்டித் தட்டைத் தோழியின் பக்கமாக நகர்த்தினாள். தெசங்கா ஒன்றை எடுத்துத் தோய்த்தாள். இரண்டாவது காபியும் ஊற்றியாயிற்று. அதுவும் தீர்ந்தது.

தெசங்கா காலிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, அடுப்பைப் பார்த்தாள். கழுத்துத் துணியை இழுத்து முடிந்துகொண்டு, கிளம்பத் தயாராக நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

பாத்திரத்தில் இன்னும் காபி இருந்தது. ஹைரியா அதைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் மடியில் கோத்து இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"நல்லா சாஞ்சு உக்காருடி" என்றாள். "அவர் வர்ற வரைக்கும் இங்கயே இரு."